கொடைக்கானலுக்குப் பிடித்த ஏழரை

கொடைக்கானலின் சரித்திரம் என்பது வெயில் தாங்காதவர்களின் சரித்திரம். முதலில் வெள்ளைக்காரர்கள் தாங்க முடியாமல் மேலே போனார்கள். அவர்களைப் பார்த்து ராஜாக்களும் ஜமீன்தார்களும் போனார்கள். பிறகு தேனிலவுத் தம்பதிகள் போனார்கள், தம்பதிகளைத் துரத்திக்கொண்டு ஓட்டல்காரர்கள் போனார்கள். எல்லோரும் போய் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு, கடைசி பஸ்ஸில் சட்டம் போனது. அதுவும் வழியில் டம்டம் பாறையில் இறங்கி, மூச்சு வாங்கி, ஒரு டீ குடித்துவிட்டு.

பாடப்புத்தகம் இதை வேறு மாதிரிச் சொல்லும். 1821இல் லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேயர் வந்து பழனி மலையை அளந்தார் என்பதில் ஆரம்பிக்கும். மலை அதற்கு முன்பு என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கக் கூடாது. பளியர் பழங்குடிகள் அங்கே கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அனுமதி கேட்காததுதான் அவர்கள் செய்த பெரிய பிசகு. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடு சர்க்காருடையது, கிழங்கு தோண்டுபவர் அத்துமீறி நுழைந்தவர் என்று ஏற்பாடாயிற்று. வீட்டுக்காரரைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு விருந்தாளி பட்டா போட்டுக்கொண்ட கதை. இது ‘வரலாற்று அநீதி’ என்று ஒப்புக்கொண்டு வன உரிமைச் சட்டம் போட நம் நாடாளுமன்றத்துக்கு 2006 ஆயிற்று. நடுவில் ஓடியது 124 ஆண்டு. இந்த வேகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இனி வரும் வழக்குகள் எல்லாம் வைகை எக்ஸ்பிரஸ் மாதிரித் தெரியும்.

1845இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் மேலே வந்து சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களா கட்டினார்கள். பாவிகளை நரகத்திலிருந்து மீட்க மதுரைக்கு வந்தவர்களுக்கு, சித்திரை மாதம் நரகத்தின் மாதிரிப் படமாகவே ஓடியிருக்க வேண்டும். அப்போது சாலை கிடையாது. அடிவாரத்துக் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து டோலியில் ஏறி உட்கார்ந்தால், கூலிகள் தோளில் சுமந்து மேலே கொண்டுபோய் வைப்பார்கள். ஆக, கொடைக்கானலுக்கு நாகரிகம் நடந்து வரவில்லை. தூக்கிக்கொண்டு போகப்பட்டது. சுமந்தவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அடுத்து வந்தவர் வியர் லெவிஞ்ச். மதுரைக் கலெக்டராக இருந்தவர். 1863இல் ஓடையை மறித்து அணை போட்டு, நட்சத்திர வடிவில் ஏரி ஒன்றை உண்டாக்கினார். பொது விசாரணை இல்லை, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை இல்லை, ‘ஆட்சேபணை உள்ளவர்கள் 30 நாட்களுக்குள்’ என்ற பத்திரிகை அறிவிப்பு இல்லை. துரை நினைத்தார், ஏரி வந்தது. இன்று யாராவது அப்படி ஒரு சதுப்பை மூழ்கடித்தால் மறுநாள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு விழும். இதில் வேடிக்கை, இன்றைய மனுக்கள் பலவும் அந்தச் செயற்கை ஏரியைக் காப்பாற்றச் சொல்லித்தான் விழுகின்றன. அநியாயம் நூறு வருடம் அழகாக இருந்துவிட்டால் அதுவே பாரம்பரியம்.

1867 வாக்கில் மேஜர் பார்ட்ரிட்ஜ் என்ற இன்னொரு துரை, ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டசும் வாட்டிலும் கொண்டுவந்தார். உச்சி மலையில் சோலைக்காடும் புல்வெளியும் கலந்து கிடந்தன. பெய்கிற மழையைப் பிடித்துவைத்து, கோடையிலும் ஓடைகளுக்குக் கசியவிடுவது அந்தப் புல்வெளிதான். துரையின் கண்ணுக்கு அது ‘சும்மா கிடக்கிற நிலம்’. சுதந்திரம் வந்தது, துரை போனார், பார்வை போகவில்லை. வனத்துறையும் ஆர்வமாக வாட்டில் நட்டது. அதன் பட்டை தோல் பதனிடும் தொழிலுக்கு வேண்டியிருந்தது. அந்தத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு கீழே வேலூர்ப் பக்கம் பாலாற்றைக் கெடுத்தது. கெடுத்ததற்காக ஒரு குடிமக்கள் அமைப்பு வழக்குப் போட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவர்தான் செலவு செய்து சரிக்கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. மலையில் துரை வைத்த மரம், சமவெளியில் சட்டமாகக் காய்த்தது. மலைக்கு மட்டும் அந்தக் காய் கிடைக்க இன்னும் நேரம் இருந்தது.

இடையில் 1899இல் சூரியனைப் பார்க்க ஒரு ஆய்வுக்கூடமும் மேலே வந்தது. அங்கே உட்கார்ந்து ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கரும்புள்ளியைத் துல்லியமாகப் பார்க்கிற ஊர் கொடைக்கானல். அதே ஊரில், பட்டப்பகலில், செங்கல் செங்கலாக எழும்பிய ஏழு மாடிக் கட்டடம் ஒன்று அதிகாரக் கண்களுக்குத் தெரியவில்லை. விஞ்ஞானத்துக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏழு மாடிக்கு வருவதற்கு முன், அதைப் பார்த்த கண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1976இல் அரசியல் சட்டத்தில் 51அ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. காடு, ஏரி, ஆறு, காட்டுயிர் இவற்றைக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில் சேர்ந்த பிரிவு. உரிமைகளை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கடமைகளை மட்டும் வெளியே வைத்த காலம் அது. குடிமக்கள் பெரும்பாலும் அதைப் படிக்கவில்லை. கொடைக்கானலில் சிலர் படித்துவிட்டார்கள். 1980களின் நடுவில் பழனி மலைப் பாதுகாப்புக் கவுன்சில் என்று ஒன்று உருவாயிற்று. நாற்றங்கால் போட்டுச் சோலை மரக் கன்று வளர்ப்பது, மரம் வெட்டினால் கடிதம் எழுதுவது, பதில் வராவிட்டால் நினைவூட்டுக் கடிதம் எழுதுவது, அதற்கும் பதில் வராவிட்டால் நீதிமன்றம் போவது என்று இறங்கினார்கள். அரசு அலுவலகம் பயப்படுகிற ஒரே ஜீவன் கார்பன் காப்பி வைத்துக்கொள்கிற மனுதாரர். அப்படிப்பட்டவர்கள் அங்கே கூட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள்.

இனி ஏழு மாடி. 1990களின் தொடக்கத்தில் பிளசன்ட் ஸ்டே என்ற ஓட்டல் எழுந்தது. தரைத்தளத்தோடு ஒரு மாடி, ஆக இரண்டு தளத்துக்கு அனுமதி. எழுந்தது ஏழு. தெரியாமல் ஒரு ஜன்னல் கூடிவிட்டது என்றால் நம்பலாம். ஐந்து தளம் கூடியதை மேஸ்திரியின் ஞாபகமறதி என்று சொல்ல மேஸ்திரியே ஒப்பமாட்டார். மலைச்சரிவில் மண் இளகி வீடுகள் சரியும் என்பதற்காகத்தான் உயரக் கட்டுப்பாடு என்பது மழைக்காலத்தில் அந்தச் சாலையில் போன எவருக்கும் தெரியும்.

கவுன்சில்காரர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஓட்டல் பெயரிலேயே ‘ஸ்டே’ இருந்தது. அது போதாது, மெய்யான ஸ்டே ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1994 மே மாதம் தமிழக அரசு ஓர் அரசாணை போட்டது. அந்தக் கட்டடத்துக்கு மலைப்பகுதிக் கட்டட விதிகளிலிருந்து விலக்கு! கட்டடத்தை விதிக்குள் அடக்க முடியாவிட்டால் விதியைக் கட்டடத்துக்கு வெளியே நிறுத்திவிடலாம் என்பது ஆட்சிக்கலையில் ஒரு நுட்பம். உயர் நீதிமன்றத்துக்கு அந்த நுட்பம் பிடிபடவில்லை. அரசாணையை ரத்து செய்தது. ஓட்டல் தரப்பு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1995இல் அங்கேயும் தோற்றது. கூடுதல் தளங்கள் போகட்டும் என்பதே முடிவு. டெல்லி நீதிபதிகள் கொடைக்கானல் மாடியை எண்ணி முடித்துவிட்டார்கள். இங்கேதான் எண்ண ஆள் இல்லாமல் போயிற்று.

ஆட்சி மாறியது. விதிவிலக்கு அரசாணை இப்போது ஊழல் வழக்காக உருமாறியது. 2000 பிப்ரவரி 2ஆம் தேதி சென்னைத் தனி நீதிமன்றம், முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கும் உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்த செல்வகணபதிக்கும் இன்னும் சிலருக்கும் ஓராண்டு கடுங்காவல் விதித்தது. ஒரு மலையூர் மனு, முதலமைச்சர் நாற்காலி வரை எட்டியது தமிழக வரலாற்றில் புதுசு.

இந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டும். தீர்ப்பு வந்த அன்றே தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பேருந்தை ஜெயலலிதாவின் கட்சிக்காரர்கள் கொளுத்தினார்கள். மூன்று மாணவிகள் எரிந்து இறந்தார்கள். அவர்களுக்கும் கொடைக்கானலுக்கும் மாடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கொளுத்தியவர்களில் மூவருக்கு 2007இல் தூக்கு விதிக்கப்பட்டது, 2016இல் அது ஆயுளாகக் குறைந்தது, 2018இல் அவர்கள் விடுதலையானார்கள். மூல வழக்கிலோ 2001 டிசம்பரிலேயே உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்துவிட்டது. கணக்கை நேர்செய்து பார்த்தால், ஐந்து தளத்துக்கான விலையைக் கொடுத்தவர்கள் அந்த மூன்று வீட்டார் மட்டும்தான்.

ஏழு மாடியில் ஏழு முடிந்தது. ஏழரைக்கு இன்னும் அரை பாக்கி. அதைக் காயலான் கடையிலிருந்து எடுத்தார்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்ற ஊரில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம் அதைக் கழற்றி மூட்டை கட்டி 1983 வாக்கில் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்து, பாம்பார் சோலைக்கு மேட்டில் வைத்தது. பிறகு அது யூனிலீவர் குடும்பத்துக்குப் போய், இந்துஸ்தான் லீவரின் ஆலையாயிற்று. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்ததே போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1986இல். ஆக, ஆலை முதல் பஸ், சட்டம் கடைசி பஸ். கண்ணாடியும் பாதரசமும் வெளிநாட்டிலிருந்து வந்தன. செய்த தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்கே போயிற்று. காய்ச்சலை அளப்பது அவர்கள் பங்கு, காய்ச்சல் நம் பங்கு.

பழனி மலைக்குப் பாதரசம் புதிதல்ல. கீழே பழனியில் போகர் என்ற சித்தர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டி முருகன் சிலை செய்தார் என்பது ஐதீகம். ரசத்தைக் கட்டுவது சித்தர் மரபில் பெரிய வித்தை. பன்னாட்டுக் கம்பெனிக்கு ஒரே ஒரு ரசத்தைக்கூட ஒழுங்காக மூட்டை கட்டத் தெரியவில்லை. 2001 மார்ச் 7ஆம் தேதி, மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடைக் குவியலில், பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி கிடப்பதைப் பழனி மலைப் பாதுகாப்புக் கவுன்சிலும் கிரீன்பீஸும் ஊருக்குக் காட்டின. எடை 7.4 டன். வியாபாரிகள் கணக்கில் ஏழரை. ஜோசியர்கள் கணக்கில் அதைச் சொல்லவே வேண்டாம்.

பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மூச்சில் போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நீரில் போனால் மீனுக்குள் ஏறி மனிதருக்கு வரும்; ஜப்பானின் மினமாட்டா ஊர் 1950களில் இதை உயிர் கொடுத்துக் கற்றது. இந்த ஆலைக்குக் கீழே ஓடும் பாம்பாறு கும்பக்கரை அருவியாக விழுந்து வைகைப் படுகைக்குப் போகிறது. முன்பு வேலை பார்த்தவர்கள், பாதுகாப்பு உடையும் எச்சரிக்கையும் சரியாகத் தரப்படவில்லை, உடம்பு கெட்டது என்றார்கள். கம்பெனி தன் ஆய்வுகளை விரித்துவைத்து, அப்படி எதுவும் தென்படவில்லை என்றது. கண்ணாடிக் கழிவு வெளியே போனது தன் நடைமுறையை மீறி நடந்த தவறு என்றும் சொன்னது. ஆலை அந்த மார்ச் மாதமே மூடப்பட்டது.

பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் உச்சக் காட்சி. உலகத்துக் குப்பை எல்லாம் கப்பல் ஏறி இந்தியாவுக்கு வருவதுதான் வழக்கம். 2003இல் வழக்கம் தலைகீழானது. பாதரசம் கலந்த கழிவும் மண்ணுமாக 290 டன் பேரல்களில் அடைக்கப்பட்டு, கப்பலேறி அமெரிக்காவுக்கே போயிற்று. போய்ச் சேர்ந்தது பென்சில்வேனியா. வாட்டர்டவுன் இருக்கும் நியூயார்க்குக்குப் பக்கத்து மாநிலம். இருபது வருடம் கழித்துத் தாய்வீட்டுக்குச் சீர்வரிசை! ஊர்க்காரர்களும் முன்னாள் தொழிலாளர்களும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை உத்தரவு போடவைத்ததால் நடந்தது இது.

குப்பை விமானத்துக்கு இணையான வேகத்தில் போய்விட்டது. மனிதர்களின் வழக்கு மாட்டு வண்டியில் ஏறியது. 2006இல் முன்னாள் தொழிலாளர் சங்கம் உயர் நீதிமன்றம் போயிற்று. குழு அமைத்தார்கள். அறிக்கை வந்தது. அறிக்கையைப் பார்க்க இன்னொரு குழு. வாய்தா வாங்கி வாங்கி ஒன்பது வருடம் ஓடியது. 2015 ஜூலை கடைசியில் சென்னைப் பெண் சோபியா அஷ்ரப், நிக்கி மினாஜின் பிரபலமான பாட்டு மெட்டில் ‘கொடைக்கானல் வோன்ட்’ என்று ஒரு ராப் பாடினார். மூன்று நிமிடத்துக்குள் அடங்கும் பாட்டு. உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். நிக்கி மினாஜே பகிர்ந்தார். யூனிலீவர் தலைவர் ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. மனிதாபிமான அடிப்படையில் தரும் தொகை, பொறுப்பை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்று பார்த்துப் பார்த்து வார்த்தை போட்டிருந்தார்கள். 1996இல் ‘கெடுத்தவர் கட்ட வேண்டும்’ என்றது நீதிமன்றம். 2016இல் ‘கட்டுகிறோம், கெடுத்தோம் என்று மட்டும் சொல்லாதீர்கள்’ என்றது நிறுவனம்.

ராப் பாட்டால் வழக்கு முடிந்தது என்று கல்லூரிப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பத்து வருடமாகக் கோப்பைப் பிரித்துப் பிரித்து மஞ்சளாக்கி வைத்திருந்த தொழிலாளர்கள் இல்லாவிட்டால், பாட்டில் பாடுவதற்கு விஷயமே இருந்திருக்காது. அதற்காகப் பாட்டைக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம். நீதிமன்றத்துக்கு ஆதாரம் வேண்டும், கம்பெனிக்கு அவமானம் வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் வேலை நடந்தது.

மண் பாக்கி இருந்தது. ஆலை வளாகத்து மண்ணில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று வாரியம் அளவு வைத்தது. நித்தியானந்த் ஜெயராமன் போன்ற சமூகச் செயற்பாட்டாளர்கள், இதே கம்பெனியின் தாய்நாடான பிரிட்டனில் இவ்வளவு விட்டுவைக்க ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டார்கள். 2018இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து பாடி இரண்டாவது வீடியோ வந்தது. மனிதருக்குச் சாதி வைத்த நாட்டில் மண்ணுக்கும் சாதி வைத்துவிட்டார்கள் என்பதுதான் கேள்வியின் சாரம். அந்த இடைவெளியில் உலகம் பாதரசத் தெர்மாமீட்டரைக் கைவிடத் தொடங்கியது. 2013இல் எழுதப்பட்ட மினமாட்டா ஒப்பந்தம் அதைச் செய்யவும் ஏற்றுமதி, இறக்குமதி செய்யவும் 2020ஐக் கெடுவாக வைத்தது. பொருள் போயிற்று, கம்பெனி சோப்பும் ஷாம்பூவும் விற்றுக்கொண்டிருக்கிறது, மண் மட்டும் தன் முறைக்குக் காத்திருந்தது.

ஏழரை விலகிவிட்டதா என்றால், பெயர்ச்சி நடந்திருக்கிறது என்று சொல்லலாம். ஏழு மாடித் தீர்ப்புக்குப் பிறகும் விதிமீறிய கட்டடங்கள் முளைத்தன. மதுரைக் கிளை உத்தரவிட்டு நகராட்சி சீல் வைத்தது. வாகன நெரிசலில் ஊரே நகராமல் நின்றது. உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வைத்தது. 2025 ஏப்ரல் முதல் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 என்று எண்ணி விடச் சொன்னது. வெயில் தாங்காமல் மேலே போகிறவர்களை வரிசையில் நிறுத்த, வார்டு துரை வந்து இருநூறு வருடம் ஆக வேண்டியிருந்தது.

மொத்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் விஷயம் ஒன்றுதான். இந்த மலைக்குச் சட்டம் ஒருநாளும் தானாக வந்ததில்லை. இருந்த சட்டம் ஏழு மாடியையும் எண்ணவில்லை, ஏழரை டன்னையும் மோந்து பார்க்கவில்லை. மனு எழுதியவர்கள், கார்பன் காப்பி வைத்தவர்கள், வேலையிழந்தும் வாய்தாவுக்குப் பஸ் ஏறியவர்கள்தான் அதைத் தூக்கி மேலே வைத்தார்கள். கிடைத்த நீதி முழுசும் இல்லை, நேரத்துக்கும் வரவில்லை. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

ஆகவே, அடுத்த சீசனுக்கு மேலே போகிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். வத்தலகுண்டு தாண்டி இ-பாஸ் கேட்டால் நீதிபதியைத் திட்டாதீர்கள்; எடுத்துவைத்துக்கொண்டு புறப்படுங்கள். ஏரிக்கரையில் நீங்கள் சோளம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் மனுவை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், வேலையற்றவர் என்று நினைத்து நகராதீர்கள். வாங்கிப் படியுங்கள். சரியென்று பட்டால் போடுங்கள். கீழே தேதியையும் மறக்காமல் எழுதுங்கள். கோர்ட்டில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.